டயர் முதலில், ரிம் அப்புறம்: ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாற்றுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

2012-இல் டொயோட்டா 86 வெளிவந்தபோது கார் பத்திரிகைகள் விடாமல் பேசிய விஷயம் அதன் டயர். இரண்டு கதவு, பின்சக்கர இயக்கம், 200 குதிரைத்திறன், சுமார் 1,250 கிலோ எடை என்று எல்லாம் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்றபடி இருந்தன. மாட்டியிருந்த டயர் மட்டும் மிச்சலின் பிரைமசி ஹெச்.பி., 215/45 ஆர்17. சொகுசாகவும் சத்தமில்லாமலும் ஓடுவதற்கான டயர் அது. எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரின் 17 இன்ச் சக்கரத்துக்கும் இதே அளவு டயர்தான் என்பதால், "பிரியஸ் டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்" என்ற கேலி அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

டொயோட்டா இதைத் தெரிந்தேதான் செய்தது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழுவுக்கு வேண்டியிருந்தது வளைவில் சாதனை படைக்கும் கார் அல்ல; சாதாரண வேகத்திலேயே வால் லேசாக நழுவி, ஸ்டீயரிங்காலும் ஆக்சிலரேட்டராலும் அதைப் பிடித்துக் கொண்டுவரும் சுகத்தைத் தரும் கார். ரொம்பக் கெட்டியாகப் பிடிக்கும் டயரைப் போட்டால் 200 குதிரைத்திறனுக்கு அந்த வால் அசையவே அசையாது.

எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் வீலும் டயரும் மாற்றப் போகிறவர் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இதற்குள் இருக்கிறது. கம்பெனி போட்டுக் கொடுத்தது தப்பு, கடையில் வாங்குவது சரி என்று ஆரம்பிக்கக் கூடாது. கம்பெனி எதற்காக அதைப் போட்டது, நமக்கு வேண்டியது அதுதானா, வேறா என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க 86-ஐயும், அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பி.ஆர்.இசட்.டையும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உலகத்தில் அதிகம் ரிம் மாற்றப்படும் கார்களில் இவை உண்டு. கணக்கு எல்லாக் காருக்கும் ஒன்றுதான். எண்கள் மட்டும் மாறும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

215/45 ஆர்17 87 டபிள்யூ. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை. அகலத்தில் 45 சதவீதம். அதாவது ரிம்மின் விளிம்பிலிருந்து ரோடு வரை தெரியும் ரப்பர், சைடுவால் என்பார்களே, அது சுமார் 97 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள் கட்டுமான வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், இது மட்டும் இன்ச்சில். மூன்று எண்ணுக்கு மூன்று அளவுமுறை. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, புண்ணியவான்கள்.

87 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 545 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது வேகக் குறியீடு: மணிக்கு 270 கி.மீ. வரை. புது டயர் வாங்கும்போது இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது. கடைக்காரர் விலையைச் சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்போது டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடலாம். 17 இன்ச் என்பது 431.8 மி.மீ. மேலே ஒரு சைடுவால், கீழே ஒரு சைடுவால், இரண்டும் சேர்ந்து 193.5. மொத்தம் 625 மி.மீ. சொச்சம். எந்தப் புது அளவுக்கு மாறினாலும் மொத்த விட்டம் இதை ஒட்டியே இருக்க வேண்டும். 245/40 ஆர்17 போட்டால் 628 வரும், பிரச்சினை இல்லை. 225/40 ஆர்18 போட்டால் 637 வரும். கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடுதல். அப்போது ஸ்பீடோமீட்டர் பழையபடி 100 காட்டும்போது கார் அதைவிட 2 கி.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். கியர் விகிதமும் அதே 2 சதவீதம் நீண்டுபோகும், எடுப்பு அந்த அளவுக்குக் குறையும். 2 சதவீதம் பரவாயில்லை. 3 சதவீதத்தைத் தாண்டினால் மட்கார்டு உள்பக்கத்தில் உரசும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

பிடிமானம் அகலத்தில் இல்லை

அகல டயர் என்றால் ரோட்டில் அதிக ரப்பர் படும், அதனால் அதிக கிரிப் என்று எல்லோரும் நினைக்கிறோம். முழுக்கத் தவறு இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்று. எடையும் காற்றழுத்தமும் மாறாமல் இருந்தால், ரோட்டில் படும் பரப்பும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். மாறுவது வடிவம். ஒடுங்கிய டயரின் தடம் முன்பின்னாக நீளும். அகல டயரின் தடம் குறுக்கே விரியும். குறுக்கே விரிந்த தடம் வளைவில் சீராகப் பிடிக்கும், ஸ்டீயரிங்குக்குச் சட்டென்று பதில் சொல்லும், சூட்டையும் அதிக நேரம் தாங்கும். ஆனால் மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ள அதற்கு அதிக வேலை. தேங்கிய நீரில் கார் மிதந்து வழுக்குவது அகல டயரில் சீக்கிரம் நடக்கும்.

பிடிமானத்தைப் பெரிதாக மாற்றுவது ரப்பரின் கலவை. அதே 215/45 ஆர்17 அளவில், அதே ரிம்மில், பிரைமசியைக் கழற்றிவிட்டு ஒரு நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரைப் போட்டுப் பாருங்கள். பிரேக் பிடிக்கும் தூரம் குறையும், வளைவில் நம்பிக்கை கூடும். ரிம்முக்குப் பத்துப் பைசா செலவு இல்லை. முதல்முறை மாற்றுகிறவர் யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 2021-இல் இரண்டாம் தலைமுறையாக ஜி.ஆர்.86 வந்தபோது டொயோட்டாவே இதைச் செய்தது. கீழ் மாடலுக்குப் பழைய பிரைமசி, மேல் மாடலுக்கு 18 இன்ச்சில் மிச்சலினின் ஸ்போர்ட்ஸ் டயரான பைலட் ஸ்போர்ட் 4. இரண்டிலும் அகலம் அதே 215-தான். மாறியது டயரின் ஜாதி.

கலவையை எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் விற்கும் டயர்களில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். எண் குறைந்தால் ரப்பர் மெது, சீக்கிரம் தேயும், நன்றாகப் பிடிக்கும் என்பது பொதுவான புரிதல். பந்தயத் தடத்தில் ஓட்டும் டிராக் நாட்களிலும், கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டிகளிலும் "200 டயர்" என்று ஒரு வகையே உண்டு, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.71ஆர்.எஸ். போன்றவை அதில் அடக்கம். ஆனால் இந்த எண்ணைக் கண்மூடி நம்பக் கூடாது. சோதனை முறை பொது என்றாலும் எண்ணைக் குறித்துக்கொள்வது டயர் கம்பெனியேதான். 86-இல் வந்த பிரைமசியின் எண் 240. அதைவிட நன்றாகப் பிடிக்கும் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரின் எண் 300. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் பிரைமசிதான் ஜெயித்திருக்கும்.

200 வகை டயரை அன்றாட ஓட்டத்துக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சத்தம் போடும், மழையில் எச்சரிக்கை வேண்டும், தேய்மானம் வேகம். அதோடு 86 போன்ற காரின் குறும்பை அது அடக்கிவிடும். வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவர் தனி செட் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அதற்கு ஒரு படி கீழே உள்ள கோடைக்கால டயர் போதும். கோடைக்கால டயர் என்பதைக் குளிர்நாட்டில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் அந்த ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும், பனியில் சுத்தமாகப் பிடிக்காது.

ரிம்: ஐந்து எண்கள், அதில் ஒன்று தலைவலி

சரி, டயர் முடிவாகிவிட்டது. அதைத் தாங்க எவ்வளவு அகலமான ரிம் வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; பிடித்த ரிம்மை வாங்கிவிட்டு அதற்குள் அடங்கும் டயரைத் தேடுகிறார்கள்.

215/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8 இன்ச் அகல ரிம் பொருந்தும். 225/45-க்கு 7 முதல் 8½. 245/40-க்கு 8 முதல் 9½. முதல் தலைமுறை 86-இன் ரிம் 7 இன்ச். அதில் 245-ஐத் திணித்தால் சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்ததுபோல நடுவில் பிதுங்கும். டயர் அகலம், ஆனால் சைடுவால் தளர்ந்து ஆடும். ஸ்டீயரிங் திருப்பினால் ஒரு நொடி கழித்துத்தான் கார் திரும்பும். காசு போட்டு வாங்கிய கூர்மையைக் காசு போட்டே மழுங்கடித்த கதை.

விட்டத்தையும் அகலத்தையும் விட்டால் இன்னும் மூன்று எண்கள். பி.சி.டி. என்பது நட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். 86-க்கு 5 துளை, 100 மி.மீ., அதாவது 5x100. டொயோட்டா பெயரில் விற்றாலும் இந்தக் காரைத் தயாரிப்பது ஜப்பானின் குன்மாவில் உள்ள சுபாரு ஆலை. துளைக் கணக்கும் சுபாருவுடையது. 5x114.3 என்பதுதான் சந்தையில் அதிகம் கிடைக்கும் அளவு. அந்த ரிம் இதில் ஏறாது. துளையை மாற்றித் தருகிறேன், அடாப்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது நடுத்துளை. காரின் ஹப், அதாவது ரிம் போய் உட்காரும் நடு மேடு, 56.1 மி.மீ. வெளியில் வாங்கும் ரிம் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நடுத்துளையைப் பெரிதாக, பெரும்பாலும் 73 மி.மீ. வாக்கில், விட்டிருப்பார்கள். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ ஒரு வளையம் கிடைக்கும். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள சாமான். இதை விட்டுவிட்டு மாட்டினால் ரிம் மையத்தில் உட்காராமல் போகலாம். அப்புறம் 90, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். ஆளுக்கு நாலு தடவை பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று புலம்புவார்கள்; கழற்றிப் பார்த்தால் வளையமே இருக்காது.

தலைவலி என்று சொன்னது ஐந்தாவதை. ஆஃப்செட். ரிம்மின் பின்புறம் ஈ.டி. என்று போட்டு 48, 45, 35 என ஓர் எண் அச்சாகியிருக்கும். ரிம்மின் அகலத்துக்குச் சரியாக நடுவில் ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் இந்த எண். எண் பெரிதானால் சக்கரம் காருக்குள் போகும். எண் குறைந்தால் வெளியே துருத்தும்.

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். பழைய ரிம் 17x7, ஈ.டி. 48. ஏழு இன்ச் என்பது 177.8 மி.மீ.; பாதி 88.9. ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 88.9 + 48 = 136.9. வெளிப்பக்கம் 88.9 - 48 = 40.9. இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 17x9, ஈ.டி. 45. பாதி அகலம் 114.3. உள்ளே 159.3, வெளியே 69.3. ஆக, பழையதைவிட உள்ளே 22 மி.மீ. சொச்சமும் வெளியே 28 மி.மீ. சொச்சமும் அதிகம். உள்ளே ஷாக் அப்சார்பரும் அதன் ஸ்பிரிங் தட்டும் காத்திருக்கின்றன. வெளியே மட்கார்டு. 86-இல் 245/40 ஆர்17 போடுகிறவர்கள் பலர் தேடுவது இந்த அளவைத்தான்; உள்ளே இடம் இறுக்கம், ஆனால் அடங்கும். முன்சக்கரத்தின் மேல்பகுதியைக் கொஞ்சம் உள்சாய்த்து வைத்தால், அதாவது நெகட்டிவ் கேம்பர் கொடுத்தால், வெளிப்பக்கமும் மட்கார்டுக்குள் வந்துவிடும்.

இதே 9 இன்ச் ரிம்மை ஈ.டி. 30-இல் வாங்கினால் வெளியே 84.3. பழையதைவிட 43 மி.மீ. துருத்தும். பார்க்க மிரட்டலாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின் சீட்டில் ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும். இன்னொன்று, அவ்வளவாகக் கண்ணில் படாத பாதிப்பு: ஸ்டீயரிங் அச்சுக்கும் டயர்த் தடத்துக்கும் உள்ள இடைவெளி மாறிவிடுவதால், ரோட்டின் ஒவ்வொரு சரிவும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கப் பார்க்கும். வீல் பேரிங்குக்கும் கூடுதல் பாரம்.

நடுவழி ஒன்று உண்டு. 17x8, ஈ.டி. 45, அதில் 225/45 ஆர்17. உள்ளே 10 மி.மீ.யும் வெளியே 16 மி.மீ.யும்தான் கூடுகிறது. எங்கும் உரசாது, எதையும் சாய்க்க வேண்டாம். தினமும் ஓட்டும் காருக்கு நான் இதோடு நின்றுவிடுவேன்.

முன்பக்கம் ஒடுங்கலாக, பின்பக்கம் அகலமாகப் போடலாமா என்று கேட்பார்கள். பின்னால் பெரிய சக்கரம் அழகுதான். ஆனால் 86-இல் நாலும் ஒரே அளவு. இதில் பின்பக்கத்தை மட்டும் அகலமாக்கினால் முன்பக்கம் முதலில் பிடியை விடும். திருப்பினாலும் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். முன்பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தும் வசதியும் போய்விடும்.

எடை பற்றிய பெருங்கதைகள்

"சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்துக் கிலோ குறைத்த மாதிரி" என்று ரிம் விற்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே இதைச் சோதிக்கலாம். உருளும் சக்கரம் முன்னோக்கியும் போகிறது, சுழலவும் செய்கிறது. எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே குவிந்திருந்தால், வேகமெடுக்கும்போது ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கணக்காகும். அதுதான் உச்சவரம்பு. ரிம்மோ டயருக்கு உள்ளே இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் கீழேதான் வரும். பத்து எங்கிருந்தும் வராது.

86-இன் பழைய ரிம் 9 கிலோ சொச்சம். என்கெய் ஆர்.பி.எஃப்.1 என்ற பிரபலமான ரிம் 17x8 அளவில் சுமார் 7 கிலோ. நாலு சக்கரத்துக்கு 8 கிலோ மிச்சம். சுழற்சியையும் சேர்த்துத் தாராளமாக 16 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 1,250 கிலோ காரில் அது நூற்றுக்கு ஒன்று சொச்சம். எடுப்பில் தெரியும் என்று சொல்பவரிடம் காரைவிட அவர் கொடுத்த விலைதான் பேசுகிறது.

ஆனால் எடைக் குறைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மூலையில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்த்தே சில பத்துக் கிலோதான். அதில் 2 கிலோ குறைந்தால் கணிசம். மேடுபள்ளத்தில் சக்கரம் குதித்துவிட்டுச் சீக்கிரம் ரோட்டுக்குத் திரும்பும், டயர் ரோட்டைவிட்டு விலகும் நேரம் குறையும். கரடுமுரடான ரோட்டில் ஓட்டும்போது கைக்குத் தெரிவது அதுதான்.

இன்னொரு வேடிக்கை: 2 கிலோ குறைந்த ரிம்மை வாங்கி அதில் அகலமான, கனமான டயரைப் போட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். டயர் விளிம்பில் இருக்கிறது என்பதால், டயரில் ஏறும் ஒரு கிலோ ரிம்மில் குறையும் ஒரு கிலோவைவிட மோசம். 19 இன்ச் ரிம்முக்குத் தாவுகிறவர்களுக்கு இதுவே இன்னும் பெரிய அடி. 225/35 ஆர்19 போட்டால் சைடுவால் 79 மி.மீ.தான், பள்ளத்தில் இறங்கினால் அதிர்ச்சியை வாங்க ரப்பர் இல்லாமல் ரிம்மே வாங்கிக்கொள்ளும். எடையும் கூடும். கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

ரிம் எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு, விலை குறைவு. வார்த்த ரிம்மின் வெளிவளையத்தைச் சூடாக்கி, சுழற்றி, உருளைகளால் அழுத்தி மெலிதாக நீட்டுவது ஃப்ளோ ஃபார்மிங். மெலிந்தாலும் வலு குறையாது, ஆர்.பி.எஃப்.1-ஐ என்கெய் இந்த வகையில்தான் செய்கிறது. மூன்றாவது ஃபோர்ஜிங்: திட அலுமினியக் கட்டையைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவது. ரேய்ஸ் கம்பெனி 1996-இல் கொண்டுவந்த டி.இ.37 இதற்குப் பேர்போன உதாரணம். அதன் பெயரில் உள்ள 37, அன்று 15 இன்ச், 6 இன்ச் அகல ரிம்மின் எடை 3.7 கிலோ என்பதிலிருந்து வந்தது. ஃபோர்ஜ்டு ரிம் விலை மற்றதைப்போல இரண்டு மூன்று மடங்கு. டிராக்கில் ஓட்டாதவருக்கு ஃப்ளோ ஃபார்மிங் தாராளமாகப் போதும்.

டி.இ.37-ஐப் பார்த்து அச்சாக அதே ஆறு ஆரங்களோடு வார்த்த போலிகள் ஏராளம். உருவம் அதேதான், உலோகம் அது இல்லை. ஃபோர்ஜிங்குக்கென்று வரைந்த மெல்லிய ஆரத்தை வார்ப்பில் செய்தால், ஒன்று கனமாகச் செய்ய வேண்டும், இல்லை உடையத் தயாராக இருக்க வேண்டும். ரிம்மைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். ஜப்பானியத் தரத்தில் செய்ததென்றால் ஜே.டபிள்யூ.எல். என்ற குறி வார்ப்பிலேயே இருக்கும். அதைத் தனி அமைப்பு சரிபார்த்ததற்கு அடையாளம் வி.ஐ.ஏ. என்ற குறி. கூடவே அளவு, ஆஃப்செட், தயாரித்த கம்பெனி. ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள்.

மாட்டும்போது

டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே வெறும் ரிம்மை ஒருமுறை ஹப்பில் மாட்டிப் பாருங்கள். டயர் ஏறிவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். மாட்டிய ரிம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஆரங்களுக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கவனியுங்கள். ஒரு பென்சில் போகும் அளவாவது இருந்தால் மனசுக்கு நிம்மதி. விட்டம் போதும் என்பதால் காலிப்பர் தட்டாது என்று அர்த்தமில்லை. 17 இன்ச்சிலேயே ஆரம் உள்பக்கம் வளைந்திருந்தால் தட்டும். பிரெம்போ கம்பெனியின் பெரிய பிரேக் பொருத்திய 86 என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

நட் விஷயத்தில் இந்தக் கார் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. கொரோலா போன்ற மற்ற டொயோட்டாக்களின் நட்டுக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ. 86-க்குச் சுபாரு அளவான 12 மி.மீ. விட்டம், 1.25 இடைவெளி. வீட்டில் கிடக்கும் கொரோலா நட்டை எடுத்தால் ஓரிரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அதையே இம்பேக்ட் கன் வைத்து அடித்தால் போல்ட்டின் மரை போச்சு. நட்டை எப்போதும் கையால் நாலைந்து சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கே சுலபமாக ஓட வேண்டும். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்மின் துளைக்கு ஒத்துப்போக வேண்டும். வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு.

இறுக்கும் வரிசை நட்சத்திரம்: ஒன்றை இறுக்கினால் அடுத்ததை விட்டு எதிர்ப்பக்கம் தாண்ட வேண்டும். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் காலால் மிதித்து இறுக்குவது லாரிக்கே நல்லதல்ல. புது ரிம்மில் உலோகம் கொஞ்சம் அமரும். அதனால் 100 கி.மீ. ஓடியதும், வண்டி ஆறியபிறகு, நட்டுகளை மறுபடி ஒருமுறை அதே அளவில் சரிபார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் வேலை இது.

காற்றழுத்தச் சென்சாரையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து தயாரான கார்களில் இது கட்டாயம். சென்சார் வால்வோடு சேர்ந்து ரிம்முக்குள் உட்கார்ந்திருக்கும். ஒன்று பழையதைக் கழற்றி மாட்ட வேண்டும், அல்லது புதிதாக வாங்கி காரின் கணினிக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையாது. காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் 35 பி.எஸ்.ஐ.-இல் ஆரம்பியுங்கள். டயர் அகலமானால் ஒன்றிரண்டு குறைத்துப் பார்க்கலாம், ஆனால் அந்தச் சோதனையை டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து செய்ய வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை திருப்பி, சக்கரம் எதையாவது தொடுகிறதா என்று கேட்க வேண்டும். பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்து, வேகத்தடை ஒன்றின் மேல் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். 86-இன் பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைப்பது தனி சாகசம். உயரம் குறைந்த நண்பர்களாகப் பார்த்துப் பிடியுங்கள். கேம்பரை மாற்றியிருந்தால் அன்றைக்கே வீல் அலைன்மென்ட். புது டயரின் மேல் வழுவழுப்பு இருக்கும், அது தேயும் வரை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வளைவில் விளையாட்டு வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாட்டுக்கு நாடு வித்தியாசம் அதிகம். ஜப்பானின் வாகனச் சோதனையில் ரிம் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால் தேறாது. ஜெர்மனியில் ரிம்முக்கு அங்கீகாரப் பத்திரம் இல்லாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே கேள்விக்குறியாகும். இந்தியாவிலோ பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கழற்றிய பழைய ரிம்களை விற்க அவசரப்படாதீர்கள். விற்றால் பெரிதாக விலை போகாது, கார் கைமாறும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல உபயோகம் இருக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பழைய 7 இன்ச் ரிம்மில் 215/45 ஆர்17 குளிர்கால டயரை ஏற்றி ஓரமாக வைத்துக்கொண்டால், சீசனுக்கு இரண்டு தடவை டயர்க் கடையில் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். உப்பு தூவிய ரோட்டில் புது ரிம்மின் பெயின்டும் தப்பிக்கும்.